ராஜாவின் வலது கால்

பூங்காவின் நடுவில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ராஜா சிலையை அவள் கழுவ ஆரம்பிப்பது தலையிலிருந்துதான். ஏணி வைத்து ஏறி, தொப்பி, நெற்றி, காக்கை எச்சம் வழிந்த மூக்கு என்று வரிசையாக இறங்கி வருவாள். முகத்தைக் கழுவும்போது கை வேகமாகப் போகும். அது யாரோ ஒருவர் முகம். கழுத்துக்குக் கீழே வந்ததும் கை தானாக நிதானப்படும். தோள், முதுகு, முழங்கை, மடியில் வைத்த விரல்கள். கடைசியில் கால். கால்களை மட்டும் ஈரத்துணியால் ஒரு தரம், காய்ந்த துணியால் ஒரு தரம் துடைப்பாள். மழை நாளிலும் இது உண்டு. "வானமே கழுவி விடுது, நீங்க வேற எதுக்கு நனையறீங்க ராணியம்மா?" என்று பூங்கா வாசலில் சாவி செய்துகொடுக்கும் பூட்டுக்காரர் கேட்பார். அவள் பதில் சொல்ல மாட்டாள். யாருக்குமே அவ்வளவு லேசில் பதில் சொல்லிவிடுகிறவள் இல்லை அவள்.

ராணி என்பது ஊர் அவளுக்கு வைத்த பட்டப்பெயர். அது ஒட்டிக்கொண்ட கதைக்கு முன்னால் ராஜாவின் கதையைச் சொல்ல வேண்டும்.

அவர் இந்த ஊருக்கு ராஜா இல்லை. கடலுக்கு அப்பால் எங்கோ ஒரு நாட்டை ஆண்டவர். நாட்டைப் பிடித்தவர்கள் அவரைக் கொல்லவும் பயந்து, அங்கேயே வைத்திருக்கவும் பயந்து, கப்பலில் ஏற்றி இந்தத் துறைமுக ஊரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார்கள். தோட்டத்தோடு ஒரு ஓட்டு வீடு, வாசலில் காவல். மணிக்கூண்டு வரை நடந்துவிட்டு வரலாம். அதைத் தாண்டக் கூடாது. அப்படி நடந்து நடந்தே ஊருக்குப் பழகிப்போனார். எதிரில் யார் வந்தாலும் தொப்பியைத் தொட்டுக்கொண்டு, தனக்குத் தெரிந்த ஒரே வார்த்தையைச் சொல்வாராம்: "வாங்க." வருகிறவனுக்கும் வாங்கதான், போகிறவனுக்கும் வாங்கதான். சாயங்காலங்களில் தோட்டத்தில் கடலைப் பார்த்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். தூரத்தில் கப்பல் தெரிந்தால் எழுந்து நிற்பார். கொடியைப் பார்ப்பார். அவருடைய நாட்டுக் கொடி இல்லையென்றால் திரும்ப உட்கார்ந்துகொள்வார். எழுந்தும் உட்கார்ந்தும் வருஷங்கள் போய், ஒருநாள் எழாமலே போய்விட்டார். அந்தத் தோட்டத்திலேயே அவரைப் புதைத்தார்கள். தோட்டம் பிற்பாடு பூங்கா ஆயிற்று. இதெல்லாம் அவள் பிறப்பதற்கு முன்னால்.

ராஜா போய் ஒரு தலைமுறை கழிந்த பிறகுதான் நகராட்சிக்கு அவர் நினைப்பு வந்தது. நம் ஊரில் ஒரு ராஜா இருந்தார் என்றால் நமக்குத்தானே பெருமை, சிலை வைப்போம் என்றார்கள். வெளியூரிலிருந்து சிற்பி வந்தார். வந்த பிறகு பார்த்தால் ராஜாவுக்கு இருந்தது ஒரே ஒரு போட்டோ, அதுவும் மார்பளவு. மார்புக்குக் கீழே அவர் எப்படி இருந்தார் என்று பெரியவர்களைக் கேட்டதற்கு ஆளுக்கொரு ராஜாவைச் சொன்னார்கள். ஒருவர் குட்டை என்றார். இன்னொருவர் வாசல் நிலையில் தலை இடிக்கும் என்றார். கடைசியில் நகராட்சி அலமாரியில் அவருடைய நீளக் கோட்டு கிடைத்தது. அதைப் பூச்சி அரித்திருந்தது. ஒட்டுப் போட டெய்லரிடம் அனுப்பினார்கள்.

அந்த டெய்லர்தான் அவள் புருஷன்.

கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத காலம். ஒற்றைக் கதவுக் கடை. வாசலை ஒட்டி அவருடைய மிஷின். அதற்குப் பின்னால், துணி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அவள் பொத்தான் தைப்பாள், ஓரம் மடிப்பாள். ஆட்கள் வந்தால் அவளைத் தெரியாது. அவளுக்கு எல்லோரையும் தெரியும். அந்த இடம் அவளுக்கு அளவெடுத்துச் செய்தது போல இருந்தது.

கோட்டுக்கு ஒட்டுப் போட்டு முடித்ததும் தோள் இழுக்கிறதா என்று பார்க்க அவர் அதைப் போட்டுப் பார்த்தார். இழுக்கவில்லை. முதுகு பிடிக்கவில்லை. கை சரியாக மணிக்கட்டில் வந்து நின்றது. தன் உடம்புக்கே வெட்டியது போல இருந்ததைக் கண்ணாடியில் பார்த்தவர், தலையில் இல்லாத தொப்பியைத் தொட்டு, அவள் பக்கம் திரும்பி, "வாங்க" என்றார். அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அவள் அப்படிச் சிரித்தது வாழ்க்கையில் சில தடவைதான். கோட்டை வாங்கிப்போக வந்த சிற்பி அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் கடைக்குள் நுழைந்தார். பார்த்தார். "கழட்டாதீங்க" என்றார்.

அப்புறம் தினமும் மத்தியானம் நகராட்சிக் கொட்டகையில் டெய்லர் ராஜாவாக உட்கார வேண்டியதாயிற்று. சாப்பாடு கொண்டுபோகிற சாக்கில் அவளும் போய் ஒரு மூலையில் நின்று பார்ப்பாள். சிற்பிக்கு இடுப்புக்கு மேலே ஒரு கஷ்டமும் இல்லை. தோளை நிமிர்த்தச் சொன்னால் நிமிர்த்தினார். கையை மடியில் வைக்கச் சொன்னால் வைத்தார். கால்தான் சொல் பேச்சுக் கேட்கவில்லை. இரண்டு பாதமும் சேர்ந்தாற்போல இருக்க வேண்டும் என்று சிற்பி சரிசெய்துவிட்டு களிமண்ணைத் தொடப் போவார். திரும்பிப் பார்த்தால் வலது கால் முன்னால் போயிருக்கும், இடது கால் பின்னுக்கு வந்து குதிகால் லேசாகத் தூக்கியிருக்கும். பதினாலு வயதிலிருந்து மிஷின் பெடலில் வைத்த கால். உட்கார்ந்தால் அதற்கு அந்த ஒரு இடம்தான் தெரியும். சிற்பி கோபித்தார், கெஞ்சினார், ஒருநாள் கயிறு போட்டுக்கூடக் கட்டிப் பார்த்தார். அப்புறம் உற்று உற்றுப் பார்த்துவிட்டு, "சரி, இருந்துட்டுப் போகட்டும். இதுவும் நல்லாத்தான் இருக்கு" என்று விட்டுவிட்டார்.

சிலையைத் திறந்த அன்று ஊரே கை தட்டியது. கூட்டத்தின் கடைசி வரிசையில் டெய்லர் அவள் காதில் சொன்னார்: "பாவம் ராஜா. இனிமே காலம்பூரா பெடல் மிதிக்கணும்."

அன்றிலிருந்து அவள் ராணி.

அடுத்த வருஷம் ஒரு ஏஜெண்டு வந்தான். வெளிநாட்டில் துணி ஆலை, வரிசை வரிசையாகக் கரண்ட் மிஷின், கால் வலியே கிடையாது என்றான். மகள் அப்போது கைக்குழந்தை. ரெண்டே வருஷம், திரும்பி வந்து கடையைப் பெரிதாக்கிவிடலாம் என்று டெய்லர் கிளம்பினார். கடையைக் காலி செய்து மிஷினை வீட்டில் கொண்டுவந்து ஜன்னலோரம் போட்டார். புறப்படும்போது குழந்தையைத் தூக்கி முகர்ந்துவிட்டு, அவளிடம் சொன்னது இவ்வளவுதான்: "மிஷினுக்கு எண்ணெய் விட்டு வை. நான் வந்து உக்காந்ததும் ஓடணும்."

கடிதங்கள் வந்தன. அப்புறம் அவை சின்னதாயின. அப்புறம் நின்றன. ஆலை மூடிவிட்டது என்று ஒருவர் சொன்னார். வேறு நாட்டுக்குப் போய்விட்டார் என்று ஒருவர். அங்கேயே ஒரு குடும்பம் என்று ஒருவர், அதையும் சந்தோஷமாகச் சொன்னார். அவள் எதையும் நம்பவுமில்லை, மறுக்கவுமில்லை. போனவர் இருக்கிறாரா இல்லையா என்று தெரிந்தால் அழுவதா திட்டுவதா என்று முடிவு செய்யலாம். தெரியாதவளுக்கு என்ன இருக்கிறது? மிஷினுக்கு எண்ணெய் விட்டாள். அதன் முன்னால் மட்டும் உட்காரவே இல்லை. கையால் தைத்தே ஓட்டினாள்.

வீட்டில் அவருடைய போட்டோ ஒன்றுதான் இருந்தது. யாருடைய கல்யாணத்திலோ எடுத்தது. முன்னால் நிற்கிற பருத்த மனிதரின் தோளுக்கு மேல் அவருடைய நெற்றியும் ஒரு கண்ணும் தெரியும். மகள் விவரம் தெரிந்து கேட்டபோது அந்த ஒரு கண்ணைக் காட்டி "இது உங்கப்பா" என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. கையைப் பிடித்துப் பூங்காவுக்குக் கூட்டிப் போனாள். குழந்தை பீடத்தில் ஏறி ராஜாவின் மடியில் உட்கார்ந்துகொண்டு, "இதுவாம்மா அப்பா?" என்றது. "மூஞ்சி இல்ல. மத்ததெல்லாம் அப்பா" என்றாள் அவள்.

பூங்காவில் பெருக்குகிற அம்மாள் வேலையை விட்டபோது, நகராட்சிக்குப் போய், அதுவரை எந்த ஆபீசிலும் வாய் திறந்திராதவள், அந்த வேலையைக் கேட்டாள். கொடுத்தார்கள். தலைமுடி நரைக்கும் வரை ராஜாவைக் கழுவினாள். மகள் வளர்ந்து பஸ் டெப்போவில் டிக்கெட் கொடுக்கும் வேலைக்குப் போனாள். அவளுக்கு இதெல்லாம் சலித்துவிட்டது. "ஊர்ல புருஷன் விட்டுட்டுப் போனவங்க எத்தனையோ பேர் இருக்காங்க. சிமென்ட்டைத் துடைச்சுக்கிட்டு இருக்கிறது நீ ஒருத்திதாம்மா" என்பாள். அந்த மிஷினையாவது விற்றுவிடு, ஜன்னலைத் திறக்க முடியவில்லை என்பாள். தாய் ஜன்னலைத் திறப்பதற்கு வாகாக மிஷினை ஒரு சாண் நகர்த்தி வைப்பாள். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

இப்படி இருக்கும்போதுதான் ராஜாவின் நாட்டில் ஆட்சி மாறியது. புதிதாக வந்தவர்கள் பழைய ராஜாவை நினைத்துக்கொண்டார்கள். அவருடைய எலும்பைத் தோண்டி எடுத்துச் சொந்த மண்ணுக்குக் கொண்டுபோக ஒரு கூட்டம் வந்து இறங்கியது. பூங்காவில் துணி மறைப்புக் கட்டி, பாட்டுப் பாடி, பெட்டியை எடுத்தார்கள். அவள் விளக்குமாறோடு மரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தாள். வந்தவர்கள் அழுதார்கள். அவளுக்கும் கண் கலங்கியது. எத்தனை வருஷம் கழித்தானாலும் தேடிக்கொண்டு வந்துவிட்டார்களே என்று இருந்தது.

ஆனால் அன்று மத்தியானமே நகராட்சி மேஸ்திரி ஒரு சேதி சொன்னார். மேஸ்திரி நல்ல மனிதர்தான். கெட்ட சேதியையும் வெற்றிலை மென்றுகொண்டே சொல்லிவிடுவார். சமாதியே போன பிறகு சிலை எதற்கு என்று மேலே பேசிக்கொண்டார்களாம். வந்தவர்கள் கேட்டால் கொடுத்துவிடுவது, கேட்காவிட்டால் உடைத்துவிட்டு அந்த இடத்தில் வண்டி நிறுத்தம் போடுவது. "எப்படியும் உனக்கு வேற பூங்கா குடுத்துருவாங்க. கவலைப்படாத" என்றார்.

அவள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். அந்தத் தோள் போய்விட்டால், அந்தக் கால் போய்விட்டால், அப்படி ஒரு மனிதர் இருந்தார் என்று காட்ட ஒரு பருத்த ஆளின் தோளுக்கு மேல் ஒற்றைக் கண்தான் மிஞ்சும்.

மறுநாள் அந்தக் கூட்டத்தார் சிலையைப் பார்க்க வந்தார்கள். கூடவே மேஸ்திரி, இரண்டு பாஷையும் தெரிந்த மொழிபெயர்ப்பாளர். கூட்டத்தில் வயதான ஒருவர் சிலையை ஒரு சுற்று வந்துவிட்டுத் தலையை ஆட்டினார். மொழிபெயர்ப்பாளர் சொன்னதிலிருந்து அவளுக்குப் புரிந்தது இது: அவர்கள் நாட்டில் ராஜா என்றால் இரண்டு பாதமும் சேர்த்து வைத்துத்தான் உட்காருவார். ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னும் வைத்து உட்காருவது கூலிக்காரன் உட்காருகிற விதம். இது எங்கள் ராஜா இல்லை. எங்களுக்கு வேண்டாம்.

"அப்ப திங்கக்கிழமை உடைச்சுரலாம்" என்று மேஸ்திரி தனக்குள் சொல்லிக்கொண்டார்.

எல்லோரும் வாசலை நோக்கி நகர்ந்தார்கள். ஒரு பெண் மட்டும் நின்றுவிட்டாள். ராஜாவின் கொள்ளுப்பேத்தி என்று முதல் நாளே அவளைக் காட்டிச் சொல்லியிருந்தார்கள். முப்பது வயதிருக்கும். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சிலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். துணியும் வாளியுமாக நின்ற இவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வாயில் வந்தது, "வாங்க."

அந்தப் பெண் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டாள். சிலையைக் கழுவுகிறவர் நீங்களா என்று கேட்கச் சொன்னாள். இவள் ஆமாம் என்று தலையசைத்தாள். இந்தக் கால் ஏன் இப்படி இருக்கிறது என்று அந்தப் பெண் அடுத்துக் கேட்கச் சொன்னாள்.

வாசலில் பூட்டுக்காரர் அரத்தை நிறுத்திவிட்டார். அங்கே இருந்தவர்களில் அவருக்குத்தான் முழுக் கதையும் தெரியும்.

அவள் காலைப் பார்த்தாள். உள்ளதைச் சொன்னால், அது டெய்லரின் கால் என்று சொன்னால், திங்கட்கிழமை சம்மட்டி வரும். சொல்லாவிட்டாலும் வரும். வேறொன்று இருந்தது. அந்தக் கால்களைத் துடைக்கும்போதெல்லாம் அவள் மனதில் ஓடியது, யாரிடமும் சொல்லாதது. அதைச் சொன்னால் சிலை பிழைக்கும். ஆனால் இங்கே இருக்காது. கடல் தாண்டிப் போய்விடும்.

"உக்காந்துக்கிட்டே இருக்கிறவங்க காலைச் சேர்த்து வைப்பாங்கம்மா" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் குனிந்து, இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். சொன்னாள். "இது எழுந்திரிக்கப் போறவங்க வைக்கிற கால். ஒண்ணைப் பின்னால இழுத்துக்கிட்டாத்தான் சட்டுன்னு எழுந்திரிக்க முடியும்."

"எழுந்து எங்கே போக என்று கேட்கிறார்கள்" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"வீட்டுக்குத்தான்" என்றாள். "காத்துக்கிட்டு இருப்பாங்கல்ல."

அவர் அதை அவர்கள் பாஷையில் சொல்லி முடிக்கும் முன்பே அந்தப் பெண் பீடத்தின் மேல் எட்டி, ராஜாவின் வலது பாதத்தில் கை வைத்துவிட்டாள். அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும் போல இவளுக்கு ஒரு நொடி இருந்தது. அது என்னுடையது என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. துணியை முறுக்கிப் பிழிந்தாள். தண்ணீர் காலடியில் கொட்டியது.

சாயங்காலத்துக்குள் சேதி வந்துவிட்டது. கொள்ளுப்பேத்தி பெரியவரோடு மல்லுக்கு நின்று ஜெயித்துவிட்டாள். சிலையும் கப்பலில் போகிறது.

அடுத்த நாள் மேஸ்திரி பூங்காவில் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். கடல் காற்று உப்பு, கித்தான் துணியால் உறை தைத்து மூடித்தான் ஏற்ற வேண்டும் என்று கப்பல்காரர்கள் சொல்லிவிட்டார்களாம். உட்கார்ந்திருக்கிற சிலைக்கு உறை தைக்கிற ஆளுக்கு எங்கே போவது?

"நான் தைச்சுத் தரேன்" என்றாள் அவள்.

மேஸ்திரி அவளைத் திரும்பிப் பார்த்தார். "ரெண்டு நாளா நீ பேசறதைப் பார்த்தா எனக்கே பயமா இருக்கு" என்றார்.

வீட்டிலிருந்து டெய்லரின் அளவு நாடாவைக் கொண்டுவந்தாள். அவர் ஊரில் எல்லோருக்கும் அளவெடுத்ததைப் பின்னாலிருந்து பார்த்தவள் அவள். அவருக்கு யாரும் அளவெடுத்ததில்லை. ஏணியில் ஏறித் தோளிலிருந்து ஆரம்பித்தாள். அந்தத் தோளுக்கு இந்தத் தோள், கழுத்தடியிலிருந்து இடுப்பு, தோளிலிருந்து முழங்கை மடங்கி மணிக்கட்டு வரை. மார்பைச் சுற்றி நாடாவைக் கொண்டுவர, இரண்டு கையாலும் அணைத்தாற்போலத்தான் போக வேண்டியிருந்தது. சிமென்ட் வெயிலில் சூடேறி இருந்தது. நாடா கைக்குக் கிடைத்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். வாசலில் பூட்டுக்காரர் வேண்டுமென்றே முதுகைக் காட்டிக்கொண்டு, வேலை முடிந்த சாவியையே திரும்பவும் ராவிக்கொண்டிருந்தார். கடைசியில் கால். முழங்காலிலிருந்து குதிகால். வலது பாதத்துக்கும் இடது பாதத்துக்கும் நடுவில் இருந்த இடைவெளி. உறைக்கு அந்த அளவு தேவையில்லை. எடுத்தாள்.

கித்தானைக் கையால் தைக்க முடியாது. ஊசி ஒடிந்துவிடும். வீட்டில் ஜன்னலோரம் மிஷினின் மூடியை எடுத்து வைத்துவிட்டு, அதன் முன்னால் கிடந்த அவருடைய நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வந்து உட்கார்ந்ததும் ஓட வேண்டும் என்றுதான் இத்தனை காலம் எண்ணெய் விட்டிருந்தாள். யார் வந்து உட்கார வேண்டும் என்பதில் அவளுக்கு ஒருநாளும் சந்தேகம் இருந்ததில்லை. அதில் தான் உட்கார்ந்துவிட்டால் அவர் வர இடமில்லாமல் போகும் என்பது போல ஒரு எண்ணம். இப்போது யோசித்தால், அவர் உட்கார்ந்திருந்த அந்தச் சிலையையும் அவளே கப்பலேற்றுகிறாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள்.

மிஷின் ஓடியது. ஒரு முனகல்கூட இல்லாமல் ஓடியது.

சிலையைத் தூக்கிய அன்று உறை கச்சிதமாக இருந்தது. தோளில் இழுக்கவில்லை, முதுகில் பிடிக்கவில்லை. லாரியில் ஏற்றும்போது பார்த்தால், யாரோ ஒருவர் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து பிரயாணம் போவது போலத்தான் தெரிந்தது. பாதத்துக்குக் கீழே மட்டும் துணி கொஞ்சம் தளர்வாக விட்டிருந்தாள். கால் இறுகக் கூடாது என்று. கொள்ளுப்பேத்தி லாரியிலிருந்து அவளைப் பார்த்துக் கை கூப்பினாள். இவள் தலையசைத்தாள். லாரி மணிக்கூண்டைத் தாண்டித் துறைமுகத்துப் பக்கம் திரும்பியது.

பூட்டுக்காரர் பக்கத்தில் வந்து நின்றார். எப்போதும் கிண்டல் செய்கிற மனிதர், சிரிக்காமல் சொன்னார்: "அன்னிக்குத் தானாப் போனாரு. இன்னிக்கு நீங்களே அனுப்பி வச்சுட்டீங்க."

"ஆமா" என்றாள். "இந்தத் தடவை எங்க போறாருன்னு தெரியும்" என்றாள்.

பீடம் காலியாக இருந்தது. சிமென்ட்டைப் பெயர்த்த இடத்தில் இரண்டு பாதத்தின் அச்சும் வெளுப்பாகப் பதிந்திருந்தது, ஒன்று முன்னால், ஒன்று பின்னால். வண்டி நிறுத்தம் வரும்வரை அதுவும் இருக்கும். அதன் மேல் விழுந்திருந்த சருகைக் கையால் தள்ளிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

டெப்போவிலிருந்து திரும்பிய மகளுக்குத் தெருமுனையிலேயே அந்தச் சத்தம் கேட்டது. தன் வீட்டிலிருந்துதான் வருகிறது என்று அவளுக்கு உடனே தோன்றவில்லை. கதவைத் தள்ளிப் பார்த்தால், அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து, மிஞ்சிய கித்தானில் ஏதோ பை தைத்துக்கொண்டிருந்தாள். மகள் கைப்பையைக்கூட இறக்காமல் அம்மாவின் காலையே பார்த்தாள். வலது கால் முன்னால், இடது கால் பின்னால், குதிகால் லேசாகத் தூக்கி.

"அவர் மாதிரியே வச்சிருக்கியேம்மா" என்றாள்.

"வேற மாதிரி வச்சா ஓட மாட்டேங்குது" என்றாள் அவள், தலையைத் தூக்காமல். பிறகு துணியைத் திருப்பி வைத்துக்கொண்டு, "அந்த ஜன்னலைத் திற. வெளிச்சம் பத்தல" என்றாள்.